சொந்தக் காசுல போட்ட காமிக்ஸ் புக்குக்கு விமர்சனம் எழுதணும், எங்கேந்து ஆரம்பிக்கிறது?

கேட்டவர்: மஞ்சக்குப்பம்_வாசகன்

எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூரு. லயன், முத்து காமிக்ஸ்ல ஆரம்பிச்சு இப்ப மாங்கா (ஜப்பான் காமிக்ஸ்) வரைக்கும் கைல கிடைக்கிறத எல்லாம் படிக்கிற ஆளு, படிச்சு முடிச்சதும் நாலு வரி எழுதிப் போடுறதும் பழக்கம். ஆனா இதுவரைக்கும் எழுதுனது எல்லாமே பெரிய கம்பெனி புக்குங்க தான். டெக்ஸ் வில்லர் கதை சுமாருன்னு நான் எழுதுனா இத்தாலில வரைஞ்சவருக்கு அது போய்ச் சேரவே போறதில்ல, அதனால மனசுல பட்டத அப்படியே எழுதிடுவேன்.

இப்ப விஷயம் வேற. பண்ருட்டி பக்கத்துலேந்து ஒரு தம்பி, தானே எழுதி தானே வரைஞ்சு சொந்தக் காசுல 40 பக்கத்துக்கு மாங்கா ஸ்டைல்ல ஒரு புக்கு போட்டு எனக்கு ஒரு காப்பி அனுப்பிருக்காரு. கருப்பு வெள்ளை, பின் அடிச்ச புக்கு, வலதுலேந்து இடது பக்கமா படிக்கணும். கதை, நம்ம கடலூர் பக்கம் அடிச்ச 'தானே'ங்கற புயல் பத்தி. 2011 டிசம்பர் 29 ராத்திரிலேந்து 30 காலைல வரைக்கும் ஒரு முந்திரித் தோப்புக் குடும்பத்துல என்ன நடந்துச்சு, அவ்ளோ தான். நம்ம பக்கத்து ஆளுங்க யாரு படிச்சாலும் அடிவயிறு கலங்கும், அந்தப் புயலுக்கு அப்புறம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கெடந்தத பாத்தவங்க தானே நாம எல்லாரும்.

ஆனா புக்கா பாத்தா எனக்கு குழப்பமா இருக்கு. சில பக்கம் பிரமாதம், சில பக்கத்துல யாரு பேசுறா எங்க நிக்கிறாங்கன்னே புரியல, நடுவுல சில பக்கம் ஒரே கருப்பா அப்பிக் கெடக்கு. கதை பிடிச்சிருக்குன்னு எழுதிட்டு விட்டுடலாமா, இல்ல இதெல்லாம் சொல்லணுமா? சொன்னா எந்த அளவுக்கு சொல்றது? ஜப்பான் மாங்காவோட வச்சுப் பாக்கலாமா கூடாதா? அந்தத் தம்பி "நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே எழுதுங்கண்ணா"ன்னு தான் சொன்னாரு. ஓவியம் பத்தி எழுத எனக்குப் பழக்கம் இல்ல, கதை பத்தி தான் எழுதுவேன். சொந்தமா புக்கு போடுறவங்க, வரையிறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

---

ஓல்டு_டவுன்_மாயாவி

தம்பி, நானும் கடலூர் தான், ஓ.டி. (ஓல்டு டவுன்). நம்மள மாதிரி ஆளுங்க ஓவியத்த பத்தி எழுத தடுமாறுறதுக்கு ஒரு காரணம் இருக்கு, அத மொதல்ல சொல்லிடுறேன். 1972ல முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோட வந்துச்சு, 1984ல லயன் வந்துச்சு, அதே வருஷம் ராணி காமிக்ஸ் வந்துச்சு. இதுல வந்தது பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைங்க, தமிழ்ல மாத்திப் போட்டது. அதனால நாம பேசுனது எல்லாமே மொழிபெயர்ப்பு எப்படி, பேப்பர் எப்படி, சைஸ் சின்னதா போச்சே, விலை ஏறிப்போச்சே, அடுத்த மறுபதிப்பு எப்ப, இது தான். அந்த மாயாவிய வரைஞ்சவரு ஹெசூஸ் பிளாஸ்கோன்னு ஒரு ஸ்பெயின்காரரு. அம்பது வருஷமா அந்தக் கைய ரசிச்ச எத்தன பேருக்கு அந்தப் பேரு தெரியும் சொல்லு? படத்த பாத்து உருகுவோம், வரைஞ்சவன் யாருன்னு கேக்க மாட்டோம், அது எனக்கு இன்னிக்கும் ஒரு குறையா தான் இருக்கு.

அதனால நீ எழுதுறப்ப வரைஞ்சவரு பேரு மொத வரியிலயே வரட்டும்.

புக்க மூணு வாட்டி படி. மொத வாட்டி சும்மா கதைக்காக. ரெண்டாவது வாட்டி வசனம் இருக்குற பலூன் பக்கமே கண்ண கொண்டு போகாத, படத்த மட்டும் பாத்துகினு போ, எந்த எடத்துல கதை புரியாம நிக்கிதோ அந்தப் பக்க நம்பர எழுதி வச்சுக்க. மூணாவது வாட்டி வசனம் மட்டும். இந்த ரெண்டாவது வாட்டில தான் ஓவியம் எவ்ளோ வேலை செய்யுதுன்னு தெரியும். அப்புறம் கதைச் சுருக்கம் அஞ்சு வரிக்கு மேல வேணாம், 40 பக்கம் உள்ள புக்கு, நீயே முழுசா சொல்லிட்டா வாங்கறவன் எத படிப்பான்?

"ஓவியங்கள் அருமை"ன்னு மட்டும் எழுதாத. எந்தப் பக்கம், எந்தப் படம், என்ன பண்ணுச்சு உன்ன. அத எழுது.

---

பாகூர்_ஏரி

நான் கொஞ்சம் வேற மாதிரி நெனைக்கிறேன் ப்ரோ. தமிழ்ல சொந்தமா காமிக்ஸ் போடுறவங்களே விரல் விட்டு எண்ணுற அளவு தான் இருக்காங்க, அதுலயும் கடலூர் மாவட்டத்துலேந்து ஒரு பையன் போட்டுருக்கான்னா அதுவே பெருசு. குறை இருந்தா போன் பண்ணி தனியா சொல்லிடுங்க, வெளிய நல்லத மட்டும் எழுதுங்க. நாலு பேரு வாங்கட்டும் மொதல்ல.

---

தூரிகை_புதுவை

பாகூர் தம்பி சொல்றது பாசத்துல சொல்றது, புரியுது. ஆனா நானும் முத்தியால்பேட்டைல உக்காந்து வரைஞ்சு சின்னச் சின்ன புக்கு போடுற ஆளுதான், அதனால விமர்சனம் வாங்குற பக்கத்துலேந்து சொல்றேன். என் மொத புக்குக்கு வந்தது எல்லாமே "சூப்பர், வாழ்த்துக்கள்". அத வச்சு ரெண்டாவது புக்குல என்ன மாத்தறதுன்னு எனக்கு ஒன்னுமே தெரியல. யாருமே உள்ள போய் படிக்கலியோன்னு கூட தோணுச்சு. ஒருத்தர் மட்டும், முன்ன பின்ன தெரியாதவரு, பாட்டி கிணத்தடிக்கு வர்ற பக்கத்துல கிணறு எந்தப் பக்கம் இருக்குன்னு படத்துக்குப் படம் மாறுதேன்னு எழுதுனாரு. அன்னிலேந்து எந்தக் காட்சி வரையறதுக்கு முன்னாடியும் வீட்டுக்கு ஒரு வரைபடம் போட்டு வச்சுக்கிறேன். அந்த ஒரு வரி எனக்கு அத்தன வாழ்த்தவிட ஒசத்தி. வெளிய எழுதுனா இன்னொரு லாபமும் இருக்கு, புதுசா வரைய வர்ற இன்னும் பத்து பேரும் அதப் படிப்பாங்க.

மஞ்சக்குப்பம் அண்ணா, ஓ.டி. ஐயா சொன்ன மூணு வாட்டி சரி. ஆனா பலூன மறைச்சுட்டு பாக்குறத மட்டும் வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க, ஏன்னா சில எடத்துல படம் ஒன்னு சொல்லும் வசனம் வேற சொல்லும், ரெண்டும் சேந்தா தான் அர்த்தம். அம்மா "ஒன்னும் இல்லடா தூங்கு"ன்னு சொல்லுவா, படத்துல அவ கை கதவ அழுத்திப் பிடிச்சுகினு இருக்கும். வசனத்த எடுத்துட்டா அங்க பாதி தான் நிக்கும்.

நான் ஒரு புக்க எடுத்தா மொதல்ல பாக்குறது கண்ணு எந்த வழியா போவுதுன்னு. அந்தத் தம்பி வலதுலேந்து இடதா போட்டுருக்காருன்னு சொன்னீங்கல்ல, இது ரொம்ப முக்கியமான விஷயம். ஜப்பான்காரங்க மேலேந்து கீழ எழுதி, அடுத்த வரிய இடது பக்கம் போடுவாங்க, அதனால எழுத்தும் பக்கமும் ஒரே பக்கமா ஓடும். தமிழ் இடதுலேந்து வலதா ஓடுது. அப்ப ஒவ்வொரு பலூன்லயும் கண்ணு வலது பக்கமா ஓடி முடிச்சு திரும்ப இடது பக்கம் அடுத்த படத்துக்குப் போகணும். மொழிபெயர்ப்பு மாங்கால வேற வழி இல்ல, சகிச்சுக்கிறோம். தமிழ்லயே யோசிச்சு தமிழ்லயே வரையிற புக்குக்கு அது தேவையான்னு கேக்கறது விமர்சகரோட வேலை. தப்புன்னு சொல்லல, அந்தத் தெசை கதைக்கு என்ன குடுக்குதுன்னு கேளுங்க.

பலூனும் அப்படித்தான். மேலேந்து கீழ எழுதறதுக்காக மாங்கா பலூன் ஒசரமா ஒல்லியா இருக்கும். நம்ம வார்த்தைங்க நீளம், "விழுந்துடுச்சுங்கறாங்க"ன்னு ஒரு வார்த்தைய அந்த ஒல்லி பலூனுக்குள்ள போட்டா ஒன்னு எழுத்து பொடியா போவும், இல்ல மூணு துண்டா ஒடையும். உங்களுக்கு யாரு பேசுறான்னு புரியலன்ற பக்கத்துல ஓவியம் நல்லா இருந்து பலூன் தான் சொதப்பிருக்கான்னு பாருங்க. புதுசா வரையிற பல பேரு படத்த முடிச்சுட்டு மிச்ச எடத்துல பலூன ஒட்டுவாங்க, அது கண்ணுல பட்டுடும்.

புயல் கதைன்றீங்க, அதனால இன்னொன்னு. கண்ணு போற பக்கமே காத்து அடிச்சா பக்கம் வேகமா ஓடும். கண்ணுக்கு எதிரா காத்து அடிச்சா படிக்கிறவனுக்கே மூச்சு முட்டும். எந்தப் பக்கத்துல எந்தப் பக்கம் காத்து அடிக்குதுன்னு பாத்து எழுதுங்க, அந்தத் தம்பி இத யோசிச்சு பண்ணிருந்தா சந்தோஷப்படுவாரு, யோசிக்காம பண்ணிருந்தா அடுத்த புக்குல யோசிப்பாரு.

---

லாஸ்பேட்டை_மாங்கா

அக்கா பலூன் மேட்டர் செம, இனி எத படிச்சாலும் அது தான் கண்ணுல படும் போல.

ஜப்பானோட வச்சுப் பாக்கலாமான்னு கேட்டீங்கல்ல அண்ணா. எந்த ஜப்பான்னு பாக்கணும். வாராவாரம் வர்ற பெரிய மாங்கா ஒவ்வொன்னும் ஒரு வாரத்துக்கு இருபது பக்கம் கிட்ட வருது, ஆனா அதுல முக்கிய ஓவியர் கூட பின்னணி வரைய, டோன் (நெழல் காட்டுற புள்ளி) ஒட்ட அசிஸ்டென்ட்ஸ் இருப்பாங்க, கதைய உக்காந்து பேச எடிட்டர் இருப்பாரு. ராத்திரி கண்ணு முழிச்சு தனியா வரைஞ்ச பண்ருட்டி தம்பிய அதோட வச்சு "பேக்ரவுண்டு கம்மி"ன்னு சொல்றது நியாயமே இல்ல.

ஆனா ஜப்பான்லயும் இதே மாதிரி தனியா போடுறவங்க வரலாறு ஒன்னு இருக்கு, அதோட தாராளமா வச்சுப் பாக்கலாம். சின்னப் பசங்களுக்கு இல்லாம பெரியவங்களுக்கு வேற மாதிரி கதை சொல்லணும்னு யோஷிஹிரோ தட்சுமி 1957ல கெகிகான்னு ஒரு பேரு வச்சாரு. 1964ல காரோன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சுது, காசு கம்மி, ஆனா வரையிறவன் இஷ்டத்துக்கு வரைய விட்டாங்க, யோஷிஹாரு ட்சுகே எல்லாம் அதுல தான் எழுதுனாரு. சொந்தமா புக்கு போட்டு விக்கிறவங்க கூடுற காமிக் மார்க்கெட் 1975 டிசம்பர்ல தொடங்குச்சு, மொத தடவ கலந்துகிட்டது 32 குழு தான், வந்தவங்க எழுநூறு பேரு கிட்ட. இப்ப அது லட்சக்கணக்குல கூட்டம் வர்ற எடம்.

அப்புறம் மாங்கா ஸ்டைல்னா பெரிய கண்ணும் கூர் முடியும் மட்டும் இல்ல. ஒரு எடத்த, ஒரு நேரத்த நிறுத்தி நிதானமா காட்டறது இருக்குல்ல, மழை சொட்டுற கூரை, கவுந்து கெடக்குற அண்டா, நாய் ஒன்னு, கதை நகராம நாலு படம். ஸ்காட் மெக்லவுட் 1993ல எழுதுன புக்குல ஒரு படத்துலேந்து அடுத்த படத்துக்கு போற வழிய ஆறு வகையா பிரிச்சாரு, அதுல இந்த வகை அமெரிக்க காமிக்ஸவிட மாங்கால தான் நெறைய வருதுன்னு எண்ணிக் காட்டுனாரு. அந்தத் தம்பி புக்குல அந்த மாதிரி பக்கம் இருக்கா? இருந்தா அவருக்கு மாங்கா உள்ள எறங்கிருக்குன்னு அர்த்தம். வெறும் முடியும் கண்ணும் தான்னா அதையும் சொல்லிடுங்க.

---

மஞ்சக்குப்பம்_வாசகன்

அடேங்கப்பா, இத்தன விஷயம் இருக்கா. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. புக்க எடுத்து ஓ.டி. ஐயா சொன்ன மாதிரி உக்காந்து பாத்தேன்.

அக்கா சொன்ன காத்து அப்படியே அங்க இருக்கு. புக்கு முழுக்க காத்து இடதுலேந்து வலதா தான் அடிக்குது, அதாவது கண்ணுக்கு எதிரா. 26ம் பக்கத்துல அப்பா மாட்ட அவுத்து விட கொட்டாய்க்குப் போறாரு, வலதுலேந்து இடதா குனிஞ்சு நடக்குறாரு, காத்து முகத்துல அடிக்குது, நாமளும் அவரு கூடவே தள்ளிகினு போற மாதிரி இருக்கு, அது பிரமாதம். ஆனா 22, 23 ரெண்டு பக்கத்தையும் சேத்து பெரிய பலா மரம் சாயிற படம் ஒன்னு. மரம் வலது பக்கமா சாயிது. நாம வலதுலேந்து படிக்கிறோம்ல, அதனால மொதல்ல தரைல கெடக்குற கிளைய தான் பாக்குறோம், அப்புறம் தான் வேர் பிடுங்குறது வருது. சாஞ்சு முடிச்சத பாத்துட்டு சாயிறத பாக்குறோம். எனக்கு அந்தப் பக்கத்துல என்ன நடக்குதுன்னு ஒட்டாம போனதுக்கு காரணம் இப்ப தான் தெரிஞ்சுது.

லாஸ்பேட்டை தம்பி கேட்ட மாதிரி பக்கமும் இருக்கு. 35, 36. விடிஞ்சதுக்கு அப்புறம் ஒரு வசனமும் இல்ல, சாஞ்ச முந்திரி, கெணத்துல மெதக்குற தென்னங்கீத்து, அறுந்த கரண்டு கம்பி, திண்ணைல ஒத்தச் செருப்பு. நான் ரொம்ப நேரம் அத பாத்துகினே இருந்தேன்.

ஒரே கேள்வி மிச்சம் இருக்கு. அந்த 22, 23 படம் நடுவுல மரத்தோட கோடு ஒன்னோட ஒன்னு சேரவே இல்ல, ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் எறங்கியும் இருக்கு. ராத்திரி பக்கம் எல்லாம் அப்பின மாதிரி கருப்பா, சாம்பல் நெறத்துல ஒரு மாதிரி அலை அலையா கட்டம் தெரியுது. இது ஓவியத்துல வந்த குறையா?

---

அச்சுக்கூடம்_பாண்டி

இதுக்கு நான் சொல்றேன், பிரஸ் வேலை தான் நமக்கு.

மொதல்ல அந்த மரம். பின் அடிச்ச புக்குல எதிரெதிர் பக்கம் ரெண்டும் ஒரே தாள்ல வர்றது நட்ட நடுவுல மட்டும் தான். 40 பக்க புக்குன்னா அது 20, 21. மத்த எல்லா எடத்துலயும் இடது பக்கம் ஒரு தாளு, வலது பக்கம் இன்னொரு தாளு, மடிக்கிறப்பவும் வெட்டுறப்பவும் ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் நகரத்தான் செய்யும். அந்த மரத்த ஒரு ரெண்டு பக்கம் முன்னாடி தள்ளி 20, 21ல வச்சிருந்தா கோடு கோடா சேந்திருக்கும். இத அந்தத் தம்பிக்கு கண்டிப்பா சொல்லுங்க, வரையறதுக்கு முன்னாடியே பக்கம் பிரிக்கிறப்ப யோசிக்க வேண்டியது இது. மொத தடவ புக்கு போடுறவங்களுக்கு பிரஸ்ல யாரும் சொல்லித் தர்றதும் இல்ல, கம்ப்யூட்டர் ஃபைல வாங்கி அடிச்சுக் குடுத்துடுவாங்க.

அலை அலையா கட்டம் தெரியிறது டோன் பிரச்சனை. ஸ்க்ரீன்டோன்றது சாம்பல் கலர் கெடையாது, பொடிப் பொடி கருப்புப் புள்ளி. புள்ளி வச்ச படத்த சைஸ் மாத்துனா, இல்ல மெஷின் அது மேல தன்னோட புள்ளிய போட்டா, ரெண்டும் மோதி அந்த அலை வரும். கோட்டு ஓவியத்த சுத்த கருப்பு வெள்ளையா, 600 டிபிஐல (ஒரு இஞ்சுக்கு 600 புள்ளி), அச்சாகுற அதே சைஸ்ல குடுக்கணும். முக்காவாசி பேரு போன்ல பாக்க நல்லா இருக்குன்னு அமுக்கிச் சின்னதாக்குன ஜேபெக் படத்த அனுப்பிடுறாங்க. அதோட மை உறிஞ்சுற சாதா பேப்பரா இருந்தா புள்ளி ஊதி பெருசாகி ராத்திரிக் காட்சி எல்லாம் அடைச்சுக்கும்.

அதனால அந்தத் தம்பி கிட்ட 12ம் பக்கமோ எதோ ஒரு ராத்திரிப் பக்கம் ஒரிஜினல் பைல அனுப்பச் சொல்லிப் பாருங்க. அதுல தெளிவா இருந்தா அச்சுல கெட்டுப்போச்சுன்னு எழுதுங்க, அதுலயும் அப்பிக் கெடந்தா ஓவியத்துல வெளிச்சம் எங்கேந்து வருதுன்னு அவரு முடிவு பண்ணலன்னு எழுதுங்க. வாங்கற ஆளுக்கு ரெண்டும் ஒன்னு தான், அதனால எப்படியும் சொல்லணும். போட்டவருக்கு ரெண்டும் வேற வேற.

இன்னொன்னு, விலை. 120 ரூபா 150 ரூபா வச்சா "40 பக்கத்துக்கு இவ்ளோவா"ன்னு எழுதிடாதீங்க. ஆயிரக்கணக்குல அடிக்கிறப்ப ஆகுற செலவு வேற, நூறு காப்பி டிஜிட்டல்ல அடிக்கிறப்ப ஒரு காப்பிக்கு ஆகுற செலவு வேற.

---

ஓல்டு_டவுன்_மாயாவி

இத்தன வருஷம் படிச்சும் இந்த நடுப்பக்கக் கணக்கு எனக்குத் தெரியாது பாண்டி. வீட்ல இருக்குற பழைய புக்க எல்லாம் எடுத்துப் பாக்கப் போறேன்.

---

தூரிகை_புதுவை

பாண்டி அண்ணா, இத தனியா ஒரு பதிவா எழுதுங்க, புதுசா வரையிற பசங்களுக்கு ரொம்ப ஒதவும்.

மஞ்சக்குப்பம் அண்ணா, இன்னும் ரெண்டு விஷயம். காப்பி சும்மா வந்துச்சுன்னா அத எழுதிடுங்க. பக்கத்த போட்டோ எடுத்துப் போடுறதா இருந்தா ரெண்டு மூணு பக்கத்தோட நிறுத்திக்குங்க, அந்த 35, 36 மட்டும் போட்டுடாதீங்க, அது புக்க வாங்கிப் பாக்கறவங்களுக்கு இருக்கட்டும்.

அப்புறம் 40 பக்கம் தானே, கருப்பு வெள்ளை தானேன்னு யாராவது எளப்பமா சொன்னா ஒன்னு சொல்லுங்க. பிரான்ஸ்ல காமிக்ஸுன்னாலே 48 பக்கம், கெட்டி அட்டை, கலர்னு ஒரு அச்சு இருந்துச்சு. 1990ல சில ஓவியருங்க சேந்து லசோசியாசியோன்னு சொந்தமா பதிப்பகம் ஆரம்பிச்சு, கருப்பு வெள்ளைல அவங்கவங்க கதைக்கு எவ்ளோ பக்கம் வேணுமோ அவ்ளோ போட்டாங்க. மர்ஜான் சத்ராபி ஈரான்ல தான் வளந்த கதைய நாலு பாகமா 2000லேந்து 2003 வரைக்கும் வெளியிட்டது அங்க தான், ஒலகமே படிச்சுது. நம்ம ஊர்ல பிரெஞ்சு சொல்லித் தர்ற அலியான்ஸ் பிரான்சேஸ் பக்கம் போறவங்களுக்கு இதெல்லாம் பழக்கம் தான்.

---

பாகூர்_ஏரி

சரி, ஒத்துக்கிறேன். இப்படி பக்கம் பக்கமா பாத்து குறை சொன்னா அது அந்தப் பையனுக்கு மரியாதை தான். நான் சொன்னது "மொக்கை, காசு தண்டம்"ன்னு ஒரே வரில எழுதிட்டுப் போறவங்கள நெனச்சு.

---

மஞ்சக்குப்பம்_வாசகன்

மொத பாதி எழுதிட்டேன், பாருங்க. தம்பி பேரையும் புக்கு பேரையும் அவரு கிட்ட கேட்டுட்டு போடுறேன்.

"தானே புயல் பத்தி செய்தியா நெறைய படிச்சிருக்கோம். ஒரு முந்திரித் தோப்புக்குள்ள உக்காந்து அந்த ராத்திரிய யாரும் வரைஞ்சு நான் பாத்ததில்ல. இந்த 40 பக்கத்தோட பலம் பேசாத பக்கங்கள் தான். விடிஞ்சதுக்கு அப்புறம் வர்ற ரெண்டு பக்கத்துல ஒரு மனுஷன் கூட இல்ல, ஆனா அந்தக் குடும்பம் எதயெல்லாம் இழந்துச்சுன்னு முழுசா தெரியுது. 26ம் பக்கத்துல காத்துக்கு எதிரா அப்பா நடக்குறது, வலதுலேந்து இடதா படிக்க வச்சதுக்கு கெடச்ச பலன். அதே தெசை பலா மரம் சாயிற எடத்துல கதைக்கு எதிரா வேலை செய்யிது, மரம் விழுந்தத பாத்த அப்புறம் தான் விழறத பாக்குறோம். எட்டாவது பக்கத்துல அண்ணனும் தம்பியும் பேசறப்ப பலூன் ஒன்னு மேல ஒன்னு இருக்கறதால யாரு மொதல்ல பேசுனான்னு ரெண்டு வாட்டி படிக்க வேண்டிருக்கு, எழுத்தும் ரொம்ப பொடி. ராத்திரிப் பக்கங்கள் அச்சுல அடைச்சுப் போச்சு, ஓவியரோட பைல்ல அதே பக்கம் தெளிவா இருக்கறத பாத்தேன். காப்பி ஓவியர் அனுப்புனது."

---

அச்சுக்கூடம்_பாண்டி

நல்லா வந்திருக்கு. கடைசில விலை, எங்க வாங்கறது, தபால் செலவு எவ்ளோ, இது மூணும் போடுங்க. நெய்வேலி புத்தகக் கண்காட்சில யாராவது ஸ்டால்ல வைக்க ஒத்துகிட்டா அதையும் சேத்துடுங்க. எனக்கு ஒரு காப்பி வேணும்னு அந்தத் தம்பி கிட்ட சொல்லிடுங்க, ரெண்டாம் பதிப்பு அடிக்கிறதா இருந்தா அதுக்கு முன்னாடி பைல எடுத்துகினு ஒரு தடவ பிரஸ் பக்கம் வந்து என்னைப் பாக்கச் சொல்லுங்க.